முத்திரையிட்ட வாக்கு

1381-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 14-ஆம் நாள். இலண்டன் மாநகரில் முப்பது எழுத்தர்கள் உட்கார்ந்து, இறகுப் பேனாவை மையில் தோய்த்துத் தோய்த்து, தோல் ஏடுகளில் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தனர். இன்ன வட்டாரத்து மக்கள் இன்று முதல் எவருக்கும் அடிமைகள் அல்லர். கிளர்ச்சியில் அவர்கள் செய்த குற்றங்கள் யாவும் மன்னிக்கப்பட்டன. இதுவே அந்த வாசகத்தின் சாரம். எழுதிய ஏடுகளில் மன்னனின் முத்திரை பதிந்தது. தலைமுறை தலைமுறையாகக் குனிந்தே பழகிய உழவர்கள், அந்த ஏட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

பதினெட்டே நாட்கள் கழிந்தன. ஜூலை 2-ஆம் நாள் அதே மன்னன், தான் தந்த பட்டயங்கள் அனைத்தும் செல்லாது என்று ஆணையிட்டான். முத்திரை பதித்த கையே முத்திரையை அழித்தது.

ஏன் இப்படி நேர்ந்தது? தலைநகரையே தம் கைக்குள் கொண்டுவந்த மக்கள், ஒரு தோல் ஏட்டுக்கு எப்படி ஏமாந்தார்கள்? இதனை எண்ணிப் பார்ப்பது பழங்கதை பேசிப் பொழுது போக்குவதாகாது. வாக்குறுதியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழக்கம் 1381-ஆம் ஆண்டோடு முடிந்துவிடவில்லை என்பதை இயக்கத்தில் உழைக்கும் ஒவ்வொரு தோழரும் அறிவார்.

வானத்தைக் காட்டி நிலத்தை ஆண்டவர்கள்

இடைக்கால ஐரோப்பாவின் சமுதாய அமைப்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பதினோராம் நூற்றாண்டில் வட பிரான்சைச் சேர்ந்த பிஷப்புகள் ஒரு தத்துவத்தை எழுதி வைத்தனர். மனிதர் மூவகை: பிரார்த்தனை செய்பவர், போர் செய்பவர், உழைப்பவர். இந்தப் பிரிவு ஆண்டவன் வகுத்தது. இதை மாற்ற நினைப்பது பாவம். எவ்வளவு எளிமையான ஏற்பாடு, பாருங்கள்! முதல் இருவரும் உண்பதற்காக மூன்றாமவன் விதைக்க வேண்டும். அவனுக்கு எப்போது அறுவடை? அது மறு உலகத்தில்!

பண்ணையடிமை ஒருவனின் வாழ்வு எப்படியிருந்தது? வாரத்தில் சில நாட்கள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். தன் தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். அரைத்ததில் ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும். மகளுக்கு மணம் முடிக்கப் பிரபுவுக்குக் கட்டணம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்கு. அவன் இறந்தால், ஒப்பாரி ஓயுமுன் பண்ணை அதிகாரி வந்து தொழுவத்தில் உள்ள சிறந்த மாட்டை ஓட்டிச் செல்வான். அடுத்த சிறந்த மாடு பாதிரியாருக்கு! பிழைத்திருந்தவர்களுக்கு எஞ்சியது வெறுங்கயிறு.

கோயிலும் மடாலயமும் வெறும் வழிபாட்டு நிலையங்களாக இருக்கவில்லை; நாட்டின் பெரும் நிலவுடைமையாளர்களாகவும் இருந்தன. செயின்ட் ஆல்பன்ஸ் என்னும் ஊரில், மடத்து ஆலையை விட்டு வீட்டுத் திரிகையில் மாவரைத்த குற்றத்துக்காக, ஊர்மக்களின் திரிகைக் கற்களை மடத்தலைவர் பறிமுதல் செய்தார். அதோடு நின்றாரா? அந்தக் கற்களைத் தம் மாளிகைக் கூடத்துக்குத் தளமாகப் பதித்துவிட்டார்! ஏழையின் அடுப்பங்கரைக் கல்லின்மீது மடத்துறவியர் நாள்தோறும் நடந்தனர். இந்தக் கற்களை மறந்துவிடாதீர்கள். மீண்டும் அவற்றிடம் வருவோம்.

சாவு கற்பித்த பாடம்

1348-ஆம் ஆண்டு கருப்பு மரணம் எனப்பட்ட கொள்ளைநோய் இங்கிலாந்தின் கரையேறியது. மூவரில் ஒருவர் மாண்டனர். பல இடங்களில் இருவரில் ஒருவர். பாதிரியாரும் மாண்டார், பண்ணையாளும் மாண்டான். ஆண்டவன் வகுத்த மூன்று வகுப்பையும் நோய் மதிக்கவில்லை.

நோய் ஓய்ந்தபோது உழவன் ஓர் உண்மையைக் கண்டான். நிலம் அப்படியே கிடக்கிறது. உழுவதற்குக் கைகள் இல்லை. பிரபுவின் களஞ்சியத்தை நிரப்பியது பிரபுவின் பிறப்பன்று, தன் கையே என்பது அவனுக்கு விளங்கியது. கூலியை உயர்த்திக் கேட்டான். ஒரு பண்ணையில் கிடைக்காவிட்டால் அடுத்த பண்ணைக்குப் போனான்.

ஆளவந்தார் பொறுப்பார்களா? 1349-இல் அவசர ஆணை, 1351-இல் பாராளுமன்றச் சட்டம். நோய்க்கு முந்திய 1346-ஆம் ஆண்டையொட்டி நிலவிய கூலிக்கு மேல் யாரும் கேட்கக் கூடாது, யாரும் கொடுக்கவும் கூடாது. அறுபது வயதுக்குட்பட்டு, பிழைக்கச் சொந்த வழியில்லாத எவரும் அழைத்த இடத்தில் வேலை செய்தாக வேண்டும். மறுப்பவர்க்காக ஊர்தோறும் தொழுமரம் நாட்டப்பட்டது. கூலி ஏறாதிருக்கச் சட்டம் செய்தவர்கள், கூலியாள் வீட்டுப் பட்டினி ஏறாதிருக்கச் சட்டம் செய்யவில்லை.

தலைக்கு ஒரு ஷில்லிங்

பிரான்சோடு 1337-இல் தொடங்கிய போர் ஓயவில்லை, கருவூலம் காய்ந்தது. 1377-இல் தலைக்கு நான்கு பென்னி வரி விதித்தனர். 1379-இல் தகுதிக்கேற்ப மற்றொரு வரி. 1380 நவம்பரில் நார்தாம்ப்டனில் கூடிய பாராளுமன்றம், பதினைந்து வயது கடந்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி, என்று தீர்மானித்தது. மூன்றாண்டில் மும்மடங்கு! கோமானுக்கும் கூலிக்காரனுக்கும் தலை ஒன்றுதானே என்ற சமத்துவம் ஆண்டவர்களுக்கு வரி வாங்கும்போது மட்டும் நினைவுக்கு வந்தது. செல்வர் ஏழைக்குக் கைகொடுக்க வேண்டும் என்று ஆணையில் ஒரு வாசகம் இருந்தது உண்மை. செல்வரே இல்லாத சிற்றூரில் யார் யாருக்குக் கைகொடுப்பது?

வரிக்கணக்கு வந்து சேர்ந்தபோது அதிகாரிகள் திகைத்தனர். 1377-இல் வரி செலுத்தியோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஏட்டில் காணவில்லை! நான்காண்டில் நாடு காலியாகிவிட்டதா? இல்லை. விதவைத் தாயையும் மணமாகாத தங்கையையும் கணக்கில் காட்டாது மறைத்தனர் மக்கள். மறைத்தவர்களைத் தேடிப் பிடிக்கக் கமிஷனர்கள் புறப்பட்டனர்.

மே 30-ஆம் நாள் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துப் பிரெண்ட்வுட் நகரில் விசாரணை நடந்தது. ஃபாபிங் என்னும் கரையோரச் சிற்றூர் மக்கள், ஏற்கெனவே செலுத்திவிட்டோம், இனி ஒரு காசும் தரமாட்டோம் என்று எழுந்து நின்றனர். பிடிக்க வந்தவர்கள் அடித்துத் துரத்தப்பட்டனர். எஸ்ஸெக்சில் பற்றிய தீ தேம்ஸ் நதியைத் தாண்டிக் கென்டுக்குப் பரவியது. இரண்டே வாரத்தில் பல்லாயிரம் மக்கள் தலைநகரின் வாயிலில் நின்றனர்.

ஜான் பால் கேட்ட கேள்வி

வயிற்றெரிச்சல் மட்டும் புரட்சியாகிவிடாது, தோழர்களே! அதற்குக் கருத்தின் வலிமை வேண்டும். அதைத் தந்தவர் ஜான் பால் என்னும் ஏழைப் பாதிரியார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மக்கள் வெளியே வரும்போது, கோயில் முற்றத்திலேயே அவர்களைக் கூட்டிவைத்துப் பேசுவார். மேலிடம் தடைவிதித்தது, சபையிலிருந்து நீக்கியது, சிறையில் அடைத்தது. வெளியே வந்ததும் மறுபடி பேசினார். 1381-இல் கிளர்ச்சிக்காரர்கள் அவரைச் சிறையிலிருந்து மீட்டு, பிளாக்கீத் மேட்டில் பேச வைத்தனர்.

அவர் வெளியிலிருந்து ஒரு தத்துவத்தைக் கொண்டுவரவில்லை. பிரபுக்களின் கையிலிருந்த வேதநூலையே திருப்பிப் பிடித்தார். ஆதாம் மண்ணைக் கொத்திய கதை, ஏவாள் நூல் நூற்ற கதை ஊரறிந்தது. அந்த முதல் வீட்டில் பிரபு எங்கே, பண்ணையடிமை எங்கே? கடவுள் சிலரை அடிமையாகப் படைக்க விரும்பியிருந்தால் அன்றே படைத்திருக்கலாமே! ஆகவே அடிமைத்தனம் தெய்வத்தின் ஏற்பாடன்று, தீயவர் செய்த சூழ்ச்சி என்றார். விலங்கு செய்த இரும்பிலிருந்தே அரத்தைச் செய்தார் அந்தப் பாதிரியார்.

பேச்சோடும் அவர் நிற்கவில்லை. மறைபொருளாக எழுதிய மடல்கள் ஊரூராகச் சென்றன; பிறகு தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடையில்கூட அப்படி ஒரு மடல் அகப்பட்டதாக அன்றைய மடத்து வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். படிப்பறிவில்லாக் கும்பல் என்று ஏசியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

தலைநகரில் மூன்று நாள்

ஜூன் 13, வியாழக்கிழமை. இலண்டன் நகரத்து ஏழைகளே உள்ளிருந்து வழிவிட, கென்டு மக்கள் பாலத்தைக் கடந்தனர். அவர்களது தளபதி வாட் டைலர். மன்னனின் சிறிய தந்தை லங்காஸ்டர் கோமகனின் சவாய் மாளிகை எரிந்தது. ஆங்கே ஒரு கட்டளை: எதையும் திருடலாகாது, நாம் கள்வரல்லர். வெள்ளிப் பொருளை ஒளித்துக்கொண்ட ஒருவனைக் கிளர்ச்சிக்காரர்களே நெருப்பில் தள்ளினார்கள் என்று பகைவரின் வரலாறே கூறுகிறது. ஊர்தோறும் பண்ணை ஏடுகளைத் தேடி எரித்தனர். இன்னான் இன்னாருக்கு அடிமை என்று எழுதியிருந்தது அந்த ஏடுகளில்தானே!

ஆனால், தோழர்களே, வெற்றியை மட்டும் சொல்லிக் கறையை மறைப்பது நேர்மையாகாது. அதே நாட்களில், கடல் கடந்து வந்து நெசவும் வாணிபமும் செய்து பிழைத்த ஃபிளாண்டர்ஸ் நாட்டு மக்களைத் தெருவில் இழுத்துப் போட்டு வெட்டினார்கள். தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்களையும் விடவில்லை. சுரண்டியவன் மாளிகையில் இருக்க, தம்மைப்போல் உழைத்துப் பிழைத்த அயலானின் கழுத்தில் கத்தி விழுந்தது. மக்கள் சீற்றம் குறி தவறினால் அதன் பயனை அடைபவன் எப்போதும் மாளிகைக்காரனே.

"மன்னன் நல்லவன்!"

இனி நமது கேள்விக்கு வருவோம். இம்மக்கள் எங்கே தவறினார்கள்?

கிளர்ச்சிக்காரர்களிடம் ஓர் அடையாளச் சொல் இருந்தது. நீ யார் பக்கம் என்று கேட்டால், ரிச்சர்டு மன்னர் பக்கமும் உண்மையான பொதுமக்கள் பக்கமும் என்று விடை சொல்ல வேண்டும். மன்னன் நல்லவன், அவனைச் சுற்றியுள்ள அமைச்சர்களே கெட்டவர்கள். இந்த நம்பிக்கையோடுதான் அவர்கள் இலண்டனுக்கு நடந்தனர். மன்னன் இரண்டாம் ரிச்சர்டுக்கு வயது பதினான்கு. பால்மணம் மாறாப் பாலகன் பொய் சொல்வானா என்று எண்ணினார்கள். பாலகனின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் தலையிலிருந்த முடியைப் பார்க்கவில்லை.

ஜூன் 14-இல் மைல் எண்டு வெளியில் மன்னன் எஸ்ஸெக்ஸ் மக்களைச் சந்தித்தான். பண்ணையடிமை முறை ஒழியும், ஏக்கருக்கு நான்கு பென்னிக்கு மேல் குத்தகையில்லை, அனைவர்க்கும் மன்னிப்பு, எங்கும் தடையின்றி வாங்கலாம், விற்கலாம். கேட்டதெல்லாம் கிடைத்தது! அதே பொழுதில் இன்னொரு கூட்டம் கோபுரக் கோட்டைக்குள் புகுந்து, அமைச்சர் தலைவரும் கான்டர்பரி ஆர்ச்பிஷப்புமான சைமன் சட்பரியையும், பொருளாளர் ராபர்ட் ஹேல்சையும் தலை வெட்டியது. கெட்டவர்கள் ஒழிந்தார்கள், நல்லவன் வாக்குத் தந்துவிட்டான். இனி என்ன குறை? பட்டயத்தை வாங்கிய எஸ்ஸெக்ஸ் மக்களில் பெரும்பாலோர் மூட்டை கட்டினர்.

இங்கேதான், தோழர்களே, அந்தத் தோல் ஏடு தன் முதல் வேலையைச் செய்தது. அடிமையை விடுவிக்கும் முன்பே அது அணியைப் பிரித்தது! நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்களில் ஒரு பாதி ஊருக்குப் போய்விட்டது. எஞ்சியவர்கள் தனித்து நின்றனர்.

மறுநாள் ஸ்மித்ஃபீல்டு வெளியில் வாட் டைலர் மன்னனிடம் மேலும் கேட்டார். மன்னனைத் தவிர வேறு பிரபுத்துவம் கூடாது. கோயில் சொத்துக்கள், குருமாரின் பிழைப்புக்குப் போக, மக்களுக்குப் பங்கிடப்பட வேண்டும். நாட்டில் பண்ணையடிமை என்ற சொல்லே இருக்கக் கூடாது. பேச்சு முற்றியது. இலண்டன் மேயர் வால்வொர்த்தின் வாள் டைலர்மீது பாய்ந்தது. திகைத்து வில்லை நாணேற்றிய மக்களை நோக்கிக் குதிரையைச் செலுத்திய சிறுவன் ரிச்சர்டு, இனி நானே உங்கள் தலைவன், என் பின்னே வாருங்கள் என்றான். அவர்கள் போனார்கள்! தம் தலைவர் குற்றுயிராய்க் கிடக்க, அவரை வெட்டியவர்களின் தலைவன் பின்னே போனார்கள். சிறிது நேரத்தில் நகரப் படை அவர்களைச் சூழ்ந்துகொண்டது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட டைலரை வெளியே இழுத்துவந்து தலையைக் கொய்தனர். இலண்டன் பாலத்தில் ஆர்ச்பிஷப்பின் தலை இருந்த இடத்தில் டைலரின் தலை ஏறியது.

பழிவாங்கும் படலம்

ஒரு வாரம் கழிந்து, வாக்குறுதியை நினைவூட்ட வந்த எஸ்ஸெக்ஸ் தூதர்களிடம் மன்னன் கூறியதை வரலாற்றாசிரியர் வால்சிங்கம் பதிந்திருக்கிறார்: அவர்கள் முன்பிருந்த அடிமை நிலையிலேயே, அதைவிடக் கீழாக, இருத்தப்படுவார்களாம். ஜூன் 28-இல் பில்லரிக்கே அருகே காட்டில் திரண்டு நின்றவர்களை அரசப் படை வெட்டிச் சாய்த்தது. ஜூலை 15-இல் ஜான் பால், மன்னனின் கண்ணெதிரே, செயின்ட் ஆல்பன்சில் தூக்கிலிடப்பட்டுத் துண்டாடப்பட்டார்.

நார்ஃபக் மாவட்டத்தில் கிளர்ச்சித் தலைவர் ஜெஃப்ரி லிட்ஸ்டர் என்ற சாயத் தொழிலாளி. அவரை வென்று பிடித்தவர் படைத்தலைவர் அல்லர். நார்விச் நகரத்து பிஷப் ஹென்றி டெஸ்பென்சர்! அங்கி அணிந்த கை அன்று வாளேந்தியது. லிட்ஸ்டருக்கு மரணத்தீர்ப்பளித்தவர் அவரே. பாவமன்னிப்பு வழங்கியவரும் அவரே. கொலைக்களத்துக்கு இழுத்துச் சென்றபோது, தலை தரையில் மோதிவிடாதபடி தம் கையால் தாங்கிச் சென்றாராம்! இடைக்காலச் சமயத்தின் இரக்கம் எத்தகையது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதாதா? தலை நோகாமல் பார்த்துக்கொண்டார்கள்; கழுத்தை விடவில்லை.

நவம்பரில் பாராளுமன்றம் கூடியது. பண்ணையடிமைகளை விடுவிக்க உங்களுக்குச் சம்மதமா என்று அரசு கேட்டது. உறுப்பினர் அனைவரும் ஒரே குரலில் மறுத்தனர். ஒரே நாளில் எல்லோரும் சாவதானாலும் இணங்கோம் என்றனர். எழுத்தில் தந்த வாக்கு எழுத்தாலேயே அழிந்தது.

அழியாதது எது?

அப்படியானால் 1381 தோல்விதானா? மடத்துத் தளத்தில் பதிந்த திரிகைக் கற்களிடம் இப்போது திரும்புவோம். கிளர்ச்சி நாட்களில் செயின்ட் ஆல்பன்ஸ் மக்கள், வில்லியம் கிரிண்ட்கோப் என்பவரின் தலைமையில் மடத்துக்குள் புகுந்தனர். அந்தத் தளத்தைப் பெயர்த்தனர். கற்களை உடைத்து, பூசையில் அப்பத்தைப் பங்கிட்டுத் தருவதுபோல் ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக் கொண்டனர். மதம் தமக்கு மறுத்த புனிதத்தை, தம் வீட்டுக் கல்லிலேயே கண்டுகொண்டார்கள் அந்த மக்கள். கிரிண்ட்கோப்பும் ஜூலை 15-இல் தூக்கிலேறினார். ஊரை அடங்கச் சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்ற வாய்ப்பு வந்தபோதும், தம் பொருட்டு உரிமையை விட்டுவிட வேண்டாமென்று கூறிவிட்டே போனார்.

தலைவரி என்ன ஆயிற்று? அதன்பின் இடைக்கால இங்கிலாந்தில் எந்த மன்னனும் அத்தகைய வரியை விதிக்கத் துணியவில்லை. கூலியைக் கட்டிப்போட்ட சட்டம் ஏட்டில் இருந்தது. கூலி ஏறிக்கொண்டே போனது. ஆளில்லாப் பண்ணைகளைப் பிரபுக்கள் குத்தகைக்கு விட்டனர். பதினைந்தாம் நூற்றாண்டில் பண்ணையடிமை முறை உலர்ந்து உதிர்ந்தது. 1574-இல் முதலாம் எலிசபெத் அரசியார் தம் பண்ணைகளில் மிஞ்சியிருந்த சிலரை விடுவிக்க ஆணையிட்டபோது, அதற்கும் பணம் வாங்கிக்கொண்டார்! ஒரு நாள் முத்திரை தராததை, வேலையை மறுத்தும், இடம் பெயர்ந்தும், நீதிமன்றத்தில் வழக்காடியும், உழவர்கள் நூறாண்டில் தாமே ஈட்டினர். வாக்கைத் தந்து மீறிய ரிச்சர்டோ 1399-இல், எரிந்த சவாய் மாளிகைக்குரிய கோமகனின் மகனாலேயே, அரியணையிலிருந்து இறக்கப்பட்டான்.

அறுநூறாண்டு கழித்து 1990-இல், மார்கரெட் தாட்சர் அரசு இங்கிலாந்தில் தலைக்கட்டு வரியொன்றைப் புகுத்தியபோது, அரசு சூட்டிய நாகரிகப் பெயரை மக்கள் ஏற்கவில்லை. "தலைவரி" என்ற பழைய பெயரையே சொல்லி எதிர்த்தனர். மார்ச் 31-இல் இலண்டன் திடலில் இலட்சக்கணக்கில் திரண்டனர். ஆனால் திரண்டதோடு கலையவில்லை. ஊர்தோறும் சங்கம் வைத்து, கட்டமாட்டோம் என்று இலட்சக்கணக்கானோர் நிலைத்து நின்றனர். அவ்வாண்டு நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். 1993-இல் அந்த வரி ஒழிந்தது. டைலரின் மக்கள் மூன்று நாளில் விட்டுவிட்டுப் போனதை, அவர்களது வழித்தோன்றல்கள் மூன்றாண்டு விடாது பற்றி நின்றார்கள்.

தோழர்களே! வாக்குறுதி வாங்குவது தவறன்று. போராட்டத்தின் முடிவில் ஏட்டில் எழுதி வாங்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஏட்டுக்கு உயிர் எங்கே இருக்கிறது? தந்தவனின் நல்ல மனத்திலா? முத்திரையின் மெழுகிலா? அதைப் பெற்றவர்கள் கலையாமல் நிற்கும் வரிசையில் இருக்கிறது! வரிசை நின்றால் எழுதாத வாக்கும் சட்டமாகும்; வரிசை கலைந்தால் எழுதிய சட்டமும் வெறுந்தோலாகும்.

மேலே இருப்பவர் நல்லவர், நடுவில் இருப்பவர்களே கெட்டவர்கள் என்று யாரேனும் உங்களிடம் சொன்னால், மைல் எண்டு வெளியை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டயம் கைக்கு வந்துவிட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று யாரேனும் சொன்னால், ஸ்மித்ஃபீல்டில் தனித்து விடப்பட்டவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டயத்தை வாங்குங்கள், படித்துப் பாருங்கள், பத்திரப்படுத்துங்கள். ஆனால் வரிசையை விட்டு விலகாதீர்கள்!